ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

கம்பியில் தொங்கினால் உயரம் கூடுமா என்று கேட்காத பதினாறு வயதுப் பையன் இருக்க முடியாது. கூடும். ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கூடும், சாயங்காலத்துக்குள் போய்விடும். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டுகள் இரவில் நாம் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்புகின்றன. பகல் முழுக்க உடல் எடையைத் தாங்கி அமுங்குகின்றன. அதனால் காலையில் எழுந்ததும் அளந்த உயரம் இரவு படுக்கப் போகும்போது இருப்பதில்லை. போலீஸ் தேர்வில் உயரம் அளக்கும் நாளில் வரிசையில் முதல் ஆளாக நிற்கத் துடிப்பவரைக் குறை சொல்ல முடியாது.

நிலைத்து நிற்கும் உயரம் வேறு இடத்திலிருந்து வருகிறது. தொடை எலும்பு, கீழ்க்கால் எலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் முனைகளுக்குப் பக்கத்தில் குருத்தெலும்பாலான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதை வளர்தட்டு என்போம். சிறு வயதில் எலும்பு நீள்வதெல்லாம் இங்கேதான். பெண்களுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 16 முதல் 18 வயதுக்குள்ளும் இந்தத் தட்டு முழுக்க எலும்பாக மாறி மூடிக்கொள்ளும். மூடியதைத் திறக்கிற பவுடரோ மாத்திரையோ கிடையாது.

அப்படியானால், இருபத்தைந்து வயதில் ஆபரேஷன் செய்துகொண்டு இரண்டரை அங்குலம் உயர்ந்தேன் என்று சொல்கிறார்களே, அது? பொய்யில்லை. காலில் எலும்பை வெட்டி, வெட்டிய துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டதும் யாருக்கும் வருகிற சந்தேகம்தான் இந்த அத்தியாயத்தின் புதிர். துண்டுகளை விலக்கினால் நடுவில் வெற்றிடம்தானே மிஞ்ச வேண்டும்? அதில் எலும்பு எப்படி வந்தது?

குர்கனில் ஒரு டாக்டர்

காலை நீட்டும் ஆசை பழையது. இத்தாலியில் பொலோன்யா நகரின் அலெஸாண்ட்ரோ கோடிவில்லா, குதிகாலில் ஆணியடித்து அதன் வழியாக இழுத்துக் கால்களை நீட்டிய அனுபவத்தை 1905-இல் வெளியிட்டார். எலும்பை வெட்டி ஒரேயடியாகப் பலமாக இழுத்துப் பிடிப்பதுதான் அன்றைய வழி. நரம்பும் ரத்தக் குழாயும் அந்த இழுப்பைத் தாங்கவில்லை. அதன்பின் பல பத்தாண்டுகளுக்குக் கால் நீட்டுதல் என்றாலே டாக்டர்கள் தயங்கினார்கள்.

திருப்பம் வந்தது மேற்கு சைபீரியாவில். கவ்ரில் இலிசரோவ் (1921–1992) என்ற இளம் டாக்டரை 1944-இல் குர்கன் பகுதியின் கிராமம் ஒன்றில் பணியமர்த்தினார்கள். போர்க் காலம். முறிந்து, கூடாமல், சீழ் வைத்த கால்களோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மெல்லிய கம்பிகளை எலும்பின் குறுக்கே செலுத்தி, அவற்றை வெளியே உலோக வளையங்களில் விறைப்பாகக் கட்டி, வளையங்களைத் திருகு தண்டுகளால் இணைத்தார் இலிசரோவ். விபத்தில் சிக்கியவர்களின் காலில் நம் அரசு மருத்துவமனை வார்டுகளில் இன்றும் பார்க்கிறோமே, 'வளையம் போட்டிருக்காங்க' என்கிற அதே கருவி.

முறிந்த துண்டுகளை நெருக்கிப் பிடிக்கத்தான் இந்தக் கருவியை அவர் உருவாக்கினார். ஒரு நோயாளி திருகைத் தவறான பக்கம் திருப்பிவிட, துண்டுகள் விலகி, அந்த இடைவெளியில் புது எலும்பு தோன்றியதாக ஒரு கதை டாக்டர்களிடையே உலவுகிறது. கதை எவ்வளவு நிஜமோ, அதன்பின் அவர் செய்த வேலை நிஜம். எவ்வளவு வேகத்தில் விலக்கலாம், எத்தனை தவணையில் விலக்கலாம், எலும்பை எப்படி வெட்டலாம் என்று நாய்களில் முறையாகச் சோதித்துப் பார்த்தார்.

மாஸ்கோ வெகுகாலம் அவரைக் கண்டுகொள்ளவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற வலேரி புரூமெல், அடுத்த ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் காலைச் சிதைத்துக்கொண்டார். பல ஆபரேஷன்களுக்குப் பிறகும் கூடாத அந்த எலும்பை 1968-இல் இலிசரோவ் கூட வைத்தார். புரூமெல் மறுபடி இரண்டு மீட்டருக்கு மேல் தாண்டிய பிறகு குர்கனின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. 1980-இல் இத்தாலிய மலையேறி கார்லோ மௌரி தன் பழைய முறிவோடு குர்கன் போய் நலமாகித் திரும்பினார். அடுத்த ஆண்டு இத்தாலிய டாக்டர்கள் இலிசரோவை அழைத்துப் பேசவைத்தார்கள். மேற்கு நாடுகளுக்கு இந்த வித்தை போனது அந்த வழியில்தான்.

ஏன் ஒரு மில்லி?

எலும்பு முறிந்தால் உடல் என்ன செய்கிறது? முறிந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. அதில் செல்கள் குடியேறி, சில நாளில் மெத்தென்ற ஒரு திசு உருவாகிறது. பிறகு அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து எலும்பாகிறது. இலிசரோவ் கண்டது இதுதான்: அந்தத் திசு மெத்தென்று இருக்கும்போதே அதை நிதானமாக இழுத்தால், இழுக்கிற திசையிலேயே அதன் இழைகள் வரிசை கட்டும், ரத்தக் குழாய்கள் கூடவே நீளும், இரு ஓரங்களிலிருந்தும் எலும்புத் தூண்கள் நடுவை நோக்கி வளரும். இழுவிசையே வளரச் சொல்லும் ஆணையாகிறது. இதை இழுவை எலும்பாக்கம் என்று அழைப்போம்.

தக்ளியில் நூல் நூற்றவர்களுக்கு மீதி சொல்லாமலே புரியும். பஞ்சை வெடுக்கென்று இழுத்தால் அறும், இழுக்கத் தயங்கினால் கட்டிக்கொள்ளும். 1989-இல் வெளியான இலிசரோவின் ஆய்வும் அதைத்தான் சொன்னது. ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர் இழுத்தால் எலும்பு அவசரப்பட்டுக் கூடிவிடுகிறது, அதற்கு மேல் நீட்ட முடிவதில்லை. இரண்டு மில்லிமீட்டர் இழுத்தால் எலும்பும் சரியாக உருவாவதில்லை, சுற்றியுள்ள சதையும் நரம்பும் கெடுகின்றன. ஒரு மில்லிமீட்டர் பொருந்துகிறது. அதையும் ஒரே தடவையில் இழுக்காமல் கால் மில்லியாக நான்கு முறை இழுத்தால் இன்னும் நல்லது.

வெட்டுகிற விதத்திலும் சூட்சுமம் உண்டு. மின் ரம்பத்தை வைத்து அறுத்தால் சூட்டில் ஓரத்துச் செல்கள் கருகும். சிறு துளைகள் வரிசையாகப் போட்டு, உளியால் மெல்லத் தட்டிப் பிளப்பதே இன்றைய வழக்கம். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு கிழியாமல் இருந்தால் புது எலும்பு சீக்கிரம் பிடிக்கும். வெளியே தெரியும் தழும்பு ஓர் அங்குலம்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஓர் அங்குலத்துக்கு உள்ளே எவ்வளவு மென்மையாக வேலை நடந்தது என்பதை மூன்றாம் மாத எக்ஸ்ரேதான் சொல்லும்.

ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு கணக்கு

குமார் என்று ஒரு கற்பனை ஆளை எடுத்துக்கொள்வோம். வயது 24, உயரம் 163 செ.மீ. இரண்டு தொடை எலும்புகளிலும் 6 செ.மீ. நீட்ட விரும்புகிறார். வெளியே வளையம் போடாமல், எலும்புக்குள்ளேயே நீளும் ராடு ஒன்றை வைக்கும் முறை.

ஆபரேஷன் முடிந்து முதல் ஏழு நாள் எதையும் இழுப்பதில்லை. ரத்தக் கட்டு திசுவாக மாற அவ்வளவு அவகாசம் வேண்டும். எட்டாம் நாள் தொடங்கி நாளொன்றுக்கு 1 மி.மீ. என்றால் 60 மி.மீ.க்கு 60 நாள். நாளைக்கு நான்கு தவணை வீதம் 240 தவணை. இரண்டு கால்கள் என்பதால் 480.

இப்போது 67-ஆம் நாள். குமார் 169 செ.மீ. ஆகிவிட்டார். விளம்பரங்கள் பெரும்பாலும் இந்த நாளோடு நின்றுகொள்கின்றன. உள்ளே நிலைமை என்ன? அன்றைய எக்ஸ்ரேயில் வெட்டின இரு ஓரங்களும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நடுவே ஆறு சென்டிமீட்டருக்குப் புகை படிந்ததுபோல மங்கலான கீற்றுகள், அவற்றின் மத்தியில் கருப்பாக ஒரு பட்டை. அந்தக் கருப்புப் பட்டை இன்னும் எலும்பாகாத திசு. உடம்பைத் தாங்குவது ராடு மட்டும்தான். நீட்டிய ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மாதம் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் குமார் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆபரேஷனிலிருந்து ஆறு மாதம் ஆகலாம். வயதும் சிகரெட்டும் இந்தக் கணக்கை நீட்டும். ஓடி ஆட ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கணக்கும் போட வேண்டும். குமாரின் தொடை எலும்பு 43 செ.மீ., கீழ்க்கால் எலும்பு 34.5 செ.மீ. என்றால், கீழ்க்கால் தொடையில் 80 சதவீதம். பெரும்பாலோருக்கு இதை ஒட்டித்தான் இருக்கும். தொடை 49 ஆனதும் விகிதம் 70 சதவீதத்துக்கு இறங்குகிறது. பேன்ட் போட்டால் தெரியாது. ஆனால் நாற்காலியில் உட்காரும்போது முழங்கால் முன்பை விட முன்னே தள்ளி நிற்கும், எழுந்திருக்க உடம்பை இன்னும் முன்னுக்குச் சாய்க்க வேண்டிவரும். கையின் நீளம் மாறாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கணக்கைப் பலர் யோசிப்பதே இல்லை. தொடை எலும்பு இடுப்பிலிருந்து முழங்காலுக்கு நேர்க்குத்தாக இறங்குவதில்லை, உள்நோக்கிச் சரிந்து இறங்குகிறது. உடல் எடை பாயும் கோடோ இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலுக்குப் போகிறது. ராடு எலும்பின் சரிவிலேயே நீட்டுவதால், ஒரு சென்டிமீட்டர் நீட்டினால் எடைக்கோடு முழங்காலில் சுமார் ஒரு மில்லிமீட்டர் வெளிப்பக்கம் நகர்கிறது. குமாருக்கு ஆறு மில்லி. முழங்கால்கள் நேராக இருப்பவருக்கு இது பொருட்டில்லாமல் போகலாம். ஏற்கெனவே முட்டி தட்டுகிறவருக்குப் பொருட்டுதான். ஆபரேஷனுக்கு முன் இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரே படமாக நின்றநிலை எக்ஸ்ரே எடுத்து, கோடு போட்டுக் காட்டாத டாக்டரிடம் நான் என் காலைக் கொடுக்க மாட்டேன்.

எலும்பு வழிவிடும், தசை விடாது

"டாக்டர், ஒரு நாளைக்கு ரெண்டு மில்லி இழுத்தா ஒரே மாசத்துல முடிஞ்சிடுமே?" என்று கேட்பவர்கள் உண்டு. எலும்பை மட்டும் நினைத்துக் கேட்கிற கேள்வி இது. தொடையில் எலும்போடு தசையும் நரம்பும் ரத்தக் குழாயும் தோலும் 14 சதவீதம் நீள வேண்டும். தசை, தன் இழைக்குள் புதிய கண்ணிகளைச் சேர்த்துத்தான் நீள்கிறது. எலும்பு போகிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. பின்தங்கிய தசை மூட்டைப் பிடித்து இழுக்கிறது.

தொடையை நீட்டினால் இடுப்பு முன்பக்கமாக மடங்கி நிற்கப் பார்க்கும், முழங்கால் முழுக்க நீளவும் மறுக்கும், முழுக்க மடங்கவும் மறுக்கும். கீழ்க்காலை நீட்டினால் கெண்டைச் சதையும் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணும் இறுகிப் பாதத்தைக் கீழே இழுக்கும். குதிகால் தரையைத் தொடாது, நுனிக்காலில் நடக்கிற நிலை வரும். கீழ்க்காலில் பக்கத்து எலும்பையும் வெட்ட வேண்டியிருப்பதால் கணுக்கால் மூட்டு குலையாமல் அதன் முனைகளை ஸ்க்ரூ போட்டுப் பிடிக்க வேண்டும். தொடையா கீழ்க்காலா என்ற கேள்வியில் பலர் தொடையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அங்கே தசை அதிகம், ரத்த ஓட்டம் அதிகம், எலும்பு சீக்கிரம் பிடிக்கிறது.

ஆகவே பிசியோதெரபி என்பது ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் உபசாரம் அல்ல, சிகிச்சையில் பாதி. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தில் ஒரு துண்டைச் சுற்றி, இரு முனைகளையும் தன்னை நோக்கி இழுத்துப் பிடித்து மெதுவாக எண்ண வேண்டும். வலிக்கும். காலையில் கஷ்டப்பட்டுப் பெற்ற அசைவை மாலைக்குள் அந்த நாளின் ஒரு மில்லி தின்றுவிடும், மறுநாள் மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு மாதம், தினமும், ஒரு நாளைக்குப் பல வேளை. இழுக்கும் வேகத்தைக் காலண்டர் தீர்மானிப்பதில்லை. முழங்கால் மடக்கம் குறைகிறதா, பெருவிரலை மேலே தூக்க முடிகிறதா, பாதத்தின் மேல்பக்கம் மரத்துப் போகிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். பெருவிரல் தூக்க வரவில்லை என்றால் நரம்பு முறையிடுகிறது என்று பொருள். அன்றைக்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும்.

வளையமா, ராடா

வெளி வளையம் விலை குறைவு. ஆனால் கம்பி தோலைத் துளைக்கும் ஒவ்வொரு இடமும் கிருமி நுழையும் வாசல். தினமும் துடைக்க வேண்டும், சிவந்தால் மருந்து எடுக்க வேண்டும். வளையத்தோடு பல மாதம் தூங்குவதும் லேசில்லை. அதனால் எலும்புக்குள் ராடு வைத்து, வளையத்தால் நீட்டி, நீட்டி முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடும் கலப்பு முறையும் உண்டு.

உள் ராடின் வேலை அழகானது. 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரிசைஸ் ராடுக்குள் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. நோயாளி தொடையின் மேல் ஒரு கருவியை வைக்கிறார். அதற்குள் சுழலும் பெரிய காந்தங்கள் உள்ளே இருக்கும் காந்தத்தைச் சுழற்றுகின்றன, பல்சக்கரங்கள் வழியாக ஒரு திருகு நகர்கிறது, ராடு கால் மில்லி நீள்கிறது. தோலில் ஓட்டையே இல்லை. அதிகமாகப் போனால் பின்னோக்கியும் திருப்பலாம்.

குறை, அது டைட்டானியம் என்பது. முழு எடையைத் தாங்காது. எவ்வளவு எடை வைக்கலாம் என்பதற்கு ராடின் தடிமனைப் பொறுத்து வரம்பு உண்டு. ஒரு கால் குட்டையாக இருப்பவருக்குச் செய்தால் மறு கால் தாங்கிக்கொள்ளும். உயரத்துக்காக இரண்டு காலிலும் செய்துகொண்டவருக்கு மறு கால் என்று ஒன்று இல்லையே! இந்தக் குறையைத் தீர்க்க, பிரிசைஸைத் தயாரிக்கும் நிறுவனமே எடை தாங்கும் எஃகில் ஸ்டிரைடு என்ற ராடை 2018-இல் கொண்டுவந்தது. ஆபரேஷன் முடிந்த கையோடு நடக்கலாம் என்று வரவேற்பு பலமாக இருந்தது. ராடின் இரு பாகங்களும் சேரும் இடத்தில் அரிப்பும், அதை ஒட்டிய எலும்பில் மாற்றங்களும் தெரியவந்து 2021-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். புது மாடல் என்று யாராவது ஆசை காட்டினால் இந்த மூன்று வருடக் கதையை நினைத்துக்கொள்ளலாம்.

யாரிடம் போவது

முதல் விஷயம், இது பிளாஸ்டிக் சர்ஜன் செய்யும் வேலை இல்லை. ஆர்த்தோ டாக்டர் செய்வது, அதிலும் எலும்பு நீட்டுவதையும் கோணல் திருத்துவதையும் தனித் துறையாக எடுத்துக்கொண்டவர் செய்வது. முட்டி மாற்று ஆபரேஷனில் பேர் வாங்கியவர் இதிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மாநில மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது தொடக்கம் மட்டுமே. விபத்தில் கூடாத எலும்பு, போலியோவில் குட்டையான கால், பிறவியிலேயே வளைந்த கால் என்று பல வருடம் நீட்டிப் பழகியவரா என்பதே நிஜமான தகுதி. அந்தக் கால்களில்தான் சிக்கல் அதிகம் வரும், சிக்கலைச் சமாளிக்கும் கை அங்கேதான் பழகும்.

டிரோர் பேலி என்ற எலும்பு நீட்டல் நிபுணர் 1990-இல் இந்தச் சிக்கல்களை மூன்றாகப் பிரித்தார். மருந்திலும் பயிற்சியிலும் தீருபவை, இன்னொரு ஆபரேஷனில் தீருபவை, சிகிச்சை முடிந்த பிறகும் தீராமல் தங்கிவிடுபவை. டாக்டரிடம் கேட்பதற்கு இதைவிட நல்ல சட்டகம் இல்லை. "உங்களிடம் நீட்டியவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டது? எத்தனை பேருக்குப் பாதியிலேயே நிறுத்தினீர்கள்? யாருக்காவது ஏதாவது தங்கிவிட்டதா?" இப்படிக் கேட்டதும் முகம் சுளிப்பவர் ஒரு ரகம். "என்னிடம் யாருக்கும் எதுவும் வந்ததில்லை" என்பவர் இன்னொரு ரகம். அவர் அதிகம் பேருக்குச் செய்ததில்லை, அல்லது சொல்ல விரும்பவில்லை. எண்களோடு பதில் சொல்பவரோடு பேச்சைத் தொடரலாம்.

கொழுப்பு அடைப்பு பற்றித் தனியாகவே கேட்க வேண்டும். ராடு நுழைவதற்காக மஜ்ஜைக் குழாயைக் குடையும்போது உள்ளிருக்கும் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக் கூடியது. இரண்டு தொடையையும் ஒரே நாளில் குடைந்தால் அபாயம் கூடும். அழுத்தம் வெளியேற எலும்பில் முன்கூட்டியே சிறு துளைகள் போடுவார்களா, இரண்டு காலையும் வேறு வேறு நாளில் செய்வார்களா, ஐ.சி.யூ. அதே கட்டடத்தில் இருக்கிறதா? இதற்கெல்லாம் தயாராகப் பதில் வைத்திருப்பவர் இதைப் பற்றி முன்பே கவலைப்பட்டவர்.

எவ்வளவு நீட்டலாம் என்பதிலும் ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். கீழ்க்காலில் 5 செ.மீ., தொடையில் 5 முதல் 8 செ.மீ. என்பது ஒரு தடவைக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை. பத்து, பன்னிரண்டு என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறவரை விட, "ஆறில் பார்ப்போம், அதற்கு முன்னாலும் நிறுத்தச் சொல்லுவேன்" என்கிறவர் மேல். ஆபரேஷனுக்கு முன் மனநல நிபுணரைப் பார்த்து வரச் சொன்னால் கோபப்படத் தேவையில்லை. தன் உடலில் ஒரு குறை இருக்கிறது என்ற எண்ணம் ஆளையே விழுங்கும் மனநிலை ஒன்று உண்டு. அது இருப்பவருக்கு ஆறு சென்டிமீட்டர் கூடினாலும் நிம்மதி வருவதில்லை, கண் அடுத்த குறைக்குப் போய்விடும்.

தூர தேசத்துப் பேக்கேஜுகள் இன்று ஏராளம். ஆபரேஷன், சில வாரத் தங்கல், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரே விலை. ஆபத்து ஆபரேஷன் நாளோடு முடிவதில்லை, அதற்குப் பின் வரும் மாதங்களிலும் தொடர்கிறது என்று மேலே பார்த்தோம். நீட்டும் காலத்தில் வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து, வெட்டிய டாக்டரே பார்க்க வேண்டும். ஐம்பதாம் நாள் முழங்கால் மடங்காமல் போனால், உள்ளூர் டாக்டர் வேறொருவர் வைத்த ராடில் கைவைக்கத் தயங்குவார். நீட்டி முடியும் வரையாவது அந்த டாக்டர் இருக்கும் ஊரிலேயே தங்க முடியுமா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவது உத்தமம். இதே கண்ணால் உள்ளூர் ஆஸ்பத்திரிகளையும் பாருங்கள்: ஆபரேஷன் செய்கிறவர் மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து வந்துபோகிறவரா?

சீனா 2006-இல் மருத்துவக் காரணம் இல்லாமல் உயரத்துக்காக மட்டும் செய்யும் இந்த ஆபரேஷனைத் தடை செய்தது. தகுதியில்லாத இடங்களில் செய்துகொண்டு கால் கெட்டவர்களின் புகார்கள் குவிந்ததே காரணம். இந்தியாவில் அப்படித் தடை இல்லை. 2016-இல் ஹைதராபாத்தில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் வீட்டில் சொல்லாமல் ஆபரேஷன் செய்துகொள்ள, தேடிப் போன பெற்றோர் அவரை மருத்துவமனைக் கட்டிலில் கண்டார்கள். விஷயம் மருத்துவக் கவுன்சில் வரை போனது. வயது வந்தவருக்குத் தன் காலைப் பற்றி முடிவெடுக்க உரிமை உண்டா என்பது சட்டக் கேள்வி. அதைவிட எளிய கேள்வி ஒன்று இருக்கிறது: வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொண்டால், எழுந்து நிற்க முடியாத அந்த மாதங்களில் பாத்ரூமுக்கு யார் கூட்டிப்போவார்கள்?

வீட்டைத் தயார் செய்வது

யார் கூட்டிப்போவார்கள் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகே ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க வேண்டும். முதல் சில வாரங்களுக்கு இரவும் பகலும் ஓர் ஆள் வேண்டும். குளியலறைக்குள் நாற்காலி போக வேண்டும், கதவு வாக்கரின் அகலத்துக்குத் திறக்க வேண்டும். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே வெஸ்டர்ன் வைத்தாக வேண்டும். குந்தி உட்காருவது, சம்மணம் போடுவது எல்லாம் பல மாதத்துக்கு இல்லை, முழுசாகத் திரும்பி வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவும் மாட்டார்கள். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி வாடகை வீடு என்றால், எக்ஸ்ரேவுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் யாராவது தூக்கி இறக்க வேண்டியிருக்கும்.

ஆபீஸ் வேலை செய்பவர் வீட்டிலிருந்து வேலை செய்வேன் என்று திட்டம் போடுவார். நீட்டும் காலத்தில் வலி இரவில்தான் உச்சத்துக்குப் போகிறது, தூக்கம் துண்டு துண்டாகிறது. பகலில் பிசியோ. மூன்று மாதம் வேலையே இல்லை என்று வைத்துக்கொண்டு, முடிந்தால் முன்னாலேயே சேர்ந்தால் லாபம். நின்றுகொண்டே செய்யும் வேலை என்றால் எட்டு, ஒன்பது மாதம்.

சிகரெட்டை ஆபரேஷனுக்குப் பல வாரம் முன்பே விட வேண்டும். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புது எலும்புக்கு ரத்தம்தான் சாப்பாடு. வைட்டமின் டி அளவைப் பார்த்துக் குறைவாக இருந்தால் முன்கூட்டியே சரிசெய்வது நல்லது. இத்தனை வெயில் அடிக்கிற நம் ஊரிலும் குறைபாடு சர்வசாதாரணம். ரத்தம் கட்டாமலிருக்க மருந்து எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடையில் நாமாக வாங்கும் வலி மாத்திரைகளில் சில வகைகள் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தலாம் என்ற சந்தேகம் டாக்டர்களுக்கு உண்டு. எதைச் சாப்பிடலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பணக் கணக்கில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பைசா தராது. ஆஸ்பத்திரி சொல்லும் தொகையில் டிஸ்சார்ஜ் வரைதான் அடங்கியிருக்கும். மாதக்கணக்கில் பிசியோ, எக்ஸ்ரேக்கள், துணைக்கு ஆள், வண்டி, வராமல் போகும் சம்பளம் எல்லாம் தனி. எலும்பு பிடிக்கவில்லை என்றால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும். முன்கூட்டிப் பிடித்துவிட்டால் மறுபடி வெட்ட வேண்டும். இவற்றின் செலவு யாருடையது? கையில் இருப்பதெல்லாம் முதல் ஆபரேஷனுக்கே சரியாகப் போகும் என்றால், இன்னும் சேர்த்துக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

ராடு எடுக்கும் நாள்

எல்லாம் நல்லபடியாக முடிந்து, எக்ஸ்ரேயில் நாலு பக்கமும் எலும்புச் சுவர் தெரிந்து, குமார் ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டாலும் வேலை மிச்சம் இருக்கிறது. காந்தமும் திருகும் அடங்கிய ராடை உடம்புக்குள் நிரந்தரமாக விட்டுவைப்பதில்லை. ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் எடுப்பது வழக்கம். மறுபடி மயக்க மருந்து, மறுபடி இடுப்புப் பக்கம் வெட்டு. ராடு போன பிறகு ஸ்க்ரூ இருந்த துளைகள் நிரம்பும் வரை எலும்பு கொஞ்சம் பலவீனமாக இருக்கும். அந்தச் சில வாரங்கள் ஓட்டம், விளையாட்டு, பைக் சாகசம் எதுவும் கிடையாது. ராடு உள்ளே இருக்கும் காலத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் கூடாது, விபத்தில் சிக்கி வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அங்குள்ளவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்பதால், ராடின் பெயரும் மாடலும் எழுதிய அட்டையைப் பர்சில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்த அட்டையை டிஸ்சார்ஜ் சம்மரியோடு கேட்டு வாங்க வேண்டும். ராடு எடுக்கும் ஆபரேஷனின் செலவையும், எடுக்கப்போவது யார் என்பதையும் முதல் எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.